மஞ்சள் ரெயின்கோட்டை யார் பார்த்தது?

எனக்கு இருபத்து நான்கு வயது. புத்தகம் எழுத இது ரொம்பச் சின்ன வயது என்று என்னிடம் சொன்னவர்களில் ஒருவர்கூட புத்தகம் எழுதியதில்லை. அதனால் அதை நான் கண்டுகொள்ளவில்லை. எழுதினால் நடந்ததை நடந்தபடி எழுதும் புத்தகம்தான் என்று முடிவெடுத்து, அதற்குச் சில பழக்கங்களை எனக்கு நானே போட்டுக்கொண்டேன். காலையில் நாஷ்டாவுக்கு முன்னால் ஐந்நூறு வார்த்தை. யாரிடமாவது பேசிவிட்டு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் நோட்டில் எழுதிவிடுவது. கழற்றிவிட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டால் அவர்கள் சொன்னது போய் நான் நினைத்தது வந்துவிடும். நோட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் 'பார்த்தது'. வலப்பக்கம் 'கேட்டது'. வலப்பக்கத்தில் இருப்பது இடப்பக்கத்துக்குத் தாவவே கூடாது.

இத்தனை உஷாராக இருந்தும் ஏமாந்தேன். யாரிடம் என்பதுதான் விஷயம்.

உத்திரமேரூர் பக்கம் என்று சொன்னாலே சென்னையில் எல்லோரும் கல்வெட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். பதிப்பகத்தில் என்னோடு பேசிய எடிட்டரும் அதைத்தான் கேட்டார். "கல்வெட்டுக்கு நெறைய பேர் இருக்காங்க மேடம். நான் எங்க ஊர் ஏரிய எழுதறேன்" என்றேன். ஆறு வருடத்துக்கு முன்னால், கார்த்திகை மழையில், ஒரு காலைப் பொழுதில் எங்கள் ஏரிக்கரை உடைந்தது. ஆள் யாரும் சாகவில்லை. ஆனால் கரைக்குக் கீழே இருந்த பயிர் முழுக்க மண்மூடிப் போனது. ஒரு ஏரி எப்படி உடைகிறது, உடைந்த பிறகு ஊர் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் புத்தகம். எடிட்டர் மூன்று அத்தியாயம் அனுப்பச் சொன்னார்.

ஏரி ஏன் உடைந்தது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஏரித் தண்ணீரை வயல்வாரியாகத் திறந்துவிடுகிறவரை நாங்கள் நீர்க்கட்டி என்போம். மழைக்காலத்தில் கரையைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. எங்கள் நீர்க்கட்டி அன்றைக்குக் கரையைப் பார்க்காமல், மோட்டார் கொட்டாயில் ஒரு மஞ்சள் ரெயின்கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது கரை போய்விட்டது. பதினோரு பேரிடம் கேட்டேன். பதினோரு பேரும் இதைச் சொன்னார்கள். அந்த வருடமே ஏரி சங்கம் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. ஏரி திறக்கும் நாளில் மதகுக்குப் பூசை போட்டு முதல் தேங்காய் உடைப்பது நீர்க்கட்டிதான், அதுவும் போனது.

எடிட்டர் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு உடனே போன் செய்தார்.

"அந்த மஞ்சள் ரெயின்கோட் இருக்கு பாருங்க, அதான் உங்க புக்கு. அட்டையிலயே அதைப் போட்டுடலாம்" என்றார்.

நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை. மூன்றாம் நாள் தூறலில் பால் வாங்கப் போனேன். எதிரே நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேரும் யூரியா சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடக்கி முக்காடு மாதிரி தலையில் மாட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் மழை என்றால் அதுதான். யோசித்துப் பார்த்தேன். இந்த ஊரில் ரெயின்கோட் வைத்திருப்பவர் யார்? மஞ்சள் வேண்டாம், ஏதோ ஒரு கலரில்?

ஒருவர் முகமும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பதினோரு பேர் சொன்னதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். எல்லோரும் ஒரே வரிசையில் சொல்லியிருந்தார்கள். முதலில் கொட்டாய், பிறகு கோட், பிறகு குறட்டை. ஒருவர்கூட முன்பின் மாற்றவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறவர்கள் தடுக்கி விழுவார்கள். 'இரு இரு, அதுக்கு முந்தி' என்பார்கள். சம்பந்தமே இல்லாமல் மாட்டைப் பற்றிப் பேசுவார்கள். இவர்கள் யாரும் எங்கேயும் தடுக்கவில்லை.

மறுபடி போனேன். இந்தத் தடவை 'என்ன நடந்தது' என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் கதைதான் வரும். அந்த நேரத்தில் உங்கள் கையில் என்ன இருந்தது என்று கேட்டேன்.

நடவு வேலைக்குப் போகிற அக்கா ஒருத்தி கழனி வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கையிலயா? கன்னுக்குட்டி கவுறு" என்றாள். "தண்ணி வூட்டாண்ட வந்துட்ச்சி. கன்ன அவுத்துக்கினு மேட்டுக்கு ஓடியாந்தேன். ஒரு செருப்பு பூட்ச்சி. இன்னும் அந்த ஒத்த செருப்ப வச்சிக்கினுதான் கீறேன், எங்க வூட்டுக்காரு திட்டுவாரு."

"அப்ப மோட்டார் கொட்டாய்க்கு எப்பக்கா போன?"

"நான் ஏன் அங்க போறேன்? கன்ன வுட்டுட்டா?"

"போன வாரம் மஞ்ச கோட்டுன்னு சொன்னியே?"

அவள் சோற்றை உருட்டிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊருக்கே தெரிஞ்சத சொன்னேன். நீதான கேட்ட? இப்ப இன்னா, போலீஸ் மாதிரி மடக்கற?"

டீக்கடைக்காரர் இன்னும் நேராகச் சொன்னார். "நான் பாக்கல பாப்பா. ஆனா பாத்த மாதிரி."

"யாரு சொல்லிக் கேட்டீங்க?"

"சங்கத்துத் தலைவருதான் சொல்லிக்கினு இருந்தாரு. அவுருக்குத் தெரியாததா?"

பதினோரு பேரையும் இப்படித் தட்டிப் பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. ஏழு பேர் கையை நீட்டியது ஏரி சங்கத் தலைவர் பக்கம். எனக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது போல இருந்தது. பழைய நீர்க்கட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வந்தவர் யார்? தலைவரின் சொந்த மச்சான். மச்சானுக்கு வேலை வாங்கித் தர ஒரு கதை வேண்டும். கதைக்கு ஒரு கோட் வேண்டும். பொங்கல் கழிந்ததும் சங்கம் கூடி இந்த வருடத்து நீர்க்கட்டியை முடிவு செய்யப் போகிறது; பழையவர் திரும்ப அந்த வேலையைக் கேட்டிருக்கிறார் என்று வேறு கேள்விப்பட்டிருந்தேன். சரியான நேரத்தில் தலைவரின் முகமூடியைக் கிழிக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். இந்த மாதிரி நினைப்பு வரும்போது உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும் என்று ஒரு பழக்கத்தை அப்போதே வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தலைவர் டிராக்டர் ஷெட்டில் இருந்தார். நான் விட்ட கேள்வியைக் கடைசி வரை கேட்டார். கோபப்படவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"மஞ்ச கோட்டு கதைய நான் கட்டிவுட்டேன்றியா?"

"நான் அப்படிச் சொல்லல மாமா. மொதல்ல யார் சொன்னாங்கன்னு கேக்கறேன்."

அவர் கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துவிட்டு போனை எடுத்தார். எங்கள் ஊர் வாட்ஸப் குரூப். மேலே தள்ளினார், தள்ளினார், தள்ளிக்கொண்டே இருந்தார். கல்யாணம், சாவு, ஆடு காணவில்லை, குட் மார்னிங் என்று ஆறு வருடம் பின்னால் ஓடியது. பிறகு போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினார்.

"தோ. நீ எய்தனது. உங்க நைனா போட்டது."

நைனா என்றால் என் அப்பா. நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். குரூப்பில் அவர் ஒரு பேப்பரை போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். கீழே 'என் மகள் கல்லூரியில் இரண்டாம் பரிசு' என்று எழுதி நான்கு கைதட்டல் பொம்மை. பேப்பரில் இருந்தது என் கையெழுத்து. 'எங்கள் ஏரி உடைந்த நாள்'. கடைசிப் பத்தியில் மோட்டார் கொட்டாய். மஞ்சள் ரெயின்கோட். குறட்டை. அதே வரிசை.

"சங்கத்துல இத்தத்தான் படிச்சிக் காட்னாங்க. காலேஜு படிக்கிற பொண்ணே எய்திகீது, அப்பறம் இன்னா பேச்சுன்னு அவன எட்த்துட்டாங்க" என்றார் தலைவர். "என் மச்சானுக்கு அந்த வேல வந்தது நல்லதாப் போச்சின்னு வச்சிக்கோ. ஆனா கதைய நான் கட்டல பாப்பா. எனுக்கு அவ்ளோ மூள இல்ல."

ஸ்கூட்டியை வரும் வழியில் நிறுத்திவிட்டு நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். புத்தக வேலையை ஆரம்பித்த அன்றைக்கு என் சொந்த ஞாபகங்களைத்தான் முதலில் எழுதியிருந்தேன். இடப்பக்கம், 'பார்த்தது' என்ற தலைப்புக்குக் கீழே, என் கையெழுத்தில், 'மஞ்சள் ரெயின்கோட்'.

நான் பார்க்கவில்லை. அன்றைக்குக் காலேஜ் பஸ் வரவில்லை, நான் எங்கள் மாடியில் நின்றுகொண்டிருந்தேன். மாடியிலிருந்து மோட்டார் கொட்டாய் தெரியாது, நடுவில் மாந்தோப்பு. தண்ணீர் வந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான். பிறகு காலேஜில் கட்டுரைப் போட்டி. தமிழ் சார் என் முதல் பிரதியைப் படித்துவிட்டு, "வெறும் தண்ணியா இருக்கும்மா, ஒரு மனுஷன் வேணும் இதுல" என்றார். மனிதனைக் கொண்டு வந்தேன். வெறும் மனிதன் போதவில்லை, ஒரு கலர் தேவைப்பட்டது. ஏனாத்தூரில் எங்கள் காலேஜ் கேட்டில் நின்ற வாட்ச்மேன் மழைக்கு மஞ்சள் ரெயின்கோட் போட்டிருப்பார். அதை உருவி இங்கே போட்டேன். போட்டுவிட்டு மறந்துபோனேன். ஆறு வருடம் கழித்து ஊர் எனக்கே அதைத் திருப்பிச் சொன்னது. நானும் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன்.

கோட் என்னுடையது. சரி. ஆனால் தூக்கம்? அது நான் கட்டியதல்ல. நன்றாக ஞாபகம் இருந்தது. இந்தத் தடவை அந்த ஞாபகத்தையும் நம்பாமல் இரண்டு நாள் ஊறப்போட்டேன். அப்போதும் அப்படியே இருந்தது: உடைந்த மறுநாள் அப்பா போனில் யாரிடமோ, "அவன் தூங்கிட்டான் போல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் 'போல'வை நான்தான் தின்றேன். ஆனால் அதை முதலில் சொன்னது அப்பா. என் கட்டுரையை குரூப்பில் போட்டதும் அப்பா. மகள் மேல் இருந்த பெருமை என்றுதான் ஆறு வருடமாக நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து அப்பா சாப்பிடும்போதுகூட அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். "இன்னாடி மொறச்சிக்கினே கீற?" என்றார். "ஒண்ணுமில்ல நைனா" என்றேன்.

பழைய நீர்க்கட்டி இப்போது இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். காலையில் ஏரிக்கரைச் சரிவில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். முறைக்கு எனக்குப் பெரியப்பா. நான் வருவதைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"போன அமுத்து. பாக்கெட்ல வெக்காத. தோ, அந்தக் கல்லு மேல வை. நான் பாக்கற மாதிரி."

வைத்தேன்.

"இப்ப கேளு."

"பெரிப்பா, உங்ககிட்ட ரெயின்கோட் இருந்துச்சா?"

"எனுக்கு இன்னாத்துக்கு ரெயின்கோட்டு? நான் இன்னா டிராபிக் போலீசா?"

"அத நான்தான் கட்டுரையில எழுதினேன். பொய்யா."

"தெர்யும்" என்றார். "ரெண்டாவது ப்ரைஸுதான? எம்பொண்ணு படிச்சிக் காட்டிச்சி. நல்லாத்தான் எய்திருந்த. எனுக்கே அந்தாளு மேல கோவம் வந்திச்சி."

நான் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏன் வந்து கேக்கல பெரிப்பா?"

"யாராண்ட கேக்கறது? எய்தனது நீ. போட்டது உங்க நைனா. கலங்கல்ல கெடந்தது ஊரான் மூட்ட. எவன் எனுக்கு சாட்சி வருவான்?"

கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம். கரை மாதிரி உயரமாக இருக்காது. ஏரியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் நின்றால் இன்னொரு போகம் பார்க்கலாம் என்று, மழைக்காலத்தில் அதன் மேல் மண் மூட்டைகளை அடுக்கி உயர்த்திவிடுவார்கள். பெரிய மழை வருகிறது என்றால் மூட்டையை எடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் வழிய இடமில்லாமல் தண்ணீர் கரையை உடைத்துவிடும். அந்த வருடம் எடுக்கவில்லை. முதல் நாள் மத்தியானத்திலிருந்தே ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டதாகச் சொன்னார்.

"உங்க வூட்டுக்கும் வந்தேன். ஒரு நாளு நிக்கட்டும்யான்னாரு உங்க நைனா. எல்லாரும் அத்தயே சொன்னாங்க, பேசி வச்சிக்கினா மாதிரி. காலீல நானே போயி இழுத்துப் போட்டேன். அப்பறம் கரை பூட்ச்சி."

"தூங்கல?"

"அந்தத் தண்ணிச் சத்தத்துல நீ தூங்குவியா?"

அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே அவரையும் சந்தேகப்பட்டேன். வேலையைத் திரும்பக் கேட்கிறவர். இப்படிச் சொல்வதில் அவருக்கு லாபம் இருக்கிறது. செருப்பைக் கழற்றாமல் எல்லாவற்றையும் வலப்பக்கத்தில் எழுதினேன். பிறகு செருப்போடு அப்பா முன்னால் போய் நின்றேன்.

"நைனா, அன்னிக்கி கலங்கல்ல நம்ம மூட்ட இருந்துச்சா?"

அவர் டிவியை அணைக்கவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தார்.

"யாரு மூட்டதான் இல்ல?"

"நம்மது இருந்துச்சா?"

"இருந்திச்சி. போதுமா? அத்த எய்திட்டு இந்த ஊர்ல குடியிருக்க முடியாது, தெரிஞ்சிக்க. உனக்கு புக்கு. எனுக்கு நாளைக்கி களத்துல நெல்லு காய வெக்க எடம் வோணும், அறுப்புக்கு மிஷின் வோணும். எல்லாம் அவுங்ககிட்டதான் போயி நிக்கணும்."

"பெரிப்பா வந்து கேட்டாரா?"

"பேஜார் பண்ணாத. போ" என்று சத்தத்தை ஏற்றிவிட்டார்.

எடிட்டரைக் கூப்பிட்டு ரெயின்கோட் இல்லை என்றேன். "அப்ப என்னதான் இருக்கு?" என்றார். மண் மூட்டை இருக்கிறது, நிறைய பேருடையது, என் வீட்டுடையதும் என்றேன். "அத்தியாயம் கொஞ்சம் வறண்டுடுமே. சரி, அனுப்புங்க, பாக்கறேன்" என்றார். அந்த 'பாக்கறேன்' எந்த மாதிரிப் 'பாக்கறேன்' என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

சங்கக் கூட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தது. பெரியப்பாவின் வேலை போனது ஊர் குரூப்பில் நான் எழுதியதைப் போட்டதால். அதே இடத்தில்தான் திருத்தவும் வேண்டும். மத்தியானம் உட்கார்ந்து வேகமாக டைப் செய்தேன். ரெயின்கோட் பொய், நான் கட்டியது. தூங்கினார் என்பதை யாரும் பார்க்கவில்லை, நான் விசாரித்துவிட்டேன். கலங்கலில் மூட்டை இருந்தது, எங்கள் மூட்டையும் சேர்த்து. அன்று காலையில் கொட்டுகிற மழையில் தன்னந்தனியாக இருபது மூட்டைகளை இழுத்துப் போட்ட மனிதரைத்தான் நாம் வேலையை விட்டு எடுத்தோம்.

அனுப்பிவிட்டு நானே இரண்டு தடவை படித்தேன். கடைசி வரியை மட்டும் மூன்றாவது தடவையும் படித்தேன்.

குரூப்பில் அதைப் படித்தவர்களின் பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே இருந்தது. பிறகு ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டார். அதன் கீழே இன்னொருவர்: 'இருபது மூட்டையா? ஜேசிபியா அவரு?' அதன் பிறகு அதுதான் பேச்சு.

மறுநாள் காலையில் பால் கேனோடு பெரியப்பா எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். ஆறு வருடத்தில் அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

"இருபதுன்னு உனுக்கு யார் சொன்னது?"

"நீங்கதான பெரிப்பா, மூட்டைய இழுத்துப் போட்டேன்னு..."

"எவ்ளோன்னு சொன்னனா? நீ கேட்டியா?"

கேட்கவில்லை. கையில் என்ன இருந்தது என்று ஊரையே கேட்ட நான், இவரிடம் எத்தனை என்று கேட்கவில்லை.

"மூணு" என்றார். "ஈர மண்ணு மூட்ட இன்னா கனம் கனக்கும்னு தெர்யுமா உனுக்கு? மூணாவது இழுக்கச் சொல்ல இடுப்பு புட்ச்சிக்கிச்சி. பனமரத்தாண்ட குந்திட்டேன். அப்பறம் எய்ந்துக்க முடியல. அவ்ளோதான் கத."

"மூணுன்னு போட்டா, கொஞ்சந்தான் செஞ்சாருன்னு சொல்லுவாங்க. குந்திட்டாருன்னு போட்டா, அப்ப தூங்கியிருப்பாருன்னு சொல்லுவாங்க. நாளைக்கி கூட்டம் பெரிப்பா. உங்க வேல."

"எனுக்குத் தெரியாதா என் வேல? மொத தபா எனுக்கு கோட்டு மாட்ன. இப்ப பயில்வான் ஆக்கற. ரெண்டும் நான் இல்ல. மூணுன்னு போடு. குந்திட்டேன்னும் போடு."

அவர் எதிரிலேயே டைப் செய்தேன். ஒவ்வொரு வார்த்தையையும் சத்தமாகப் படிக்கச் சொன்னார். 'இடுப்பு வலியைப் பொருட்படுத்தாமல்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். "அத்த எட்த்துடு. பொருட்படுத்தித்தான் குந்தனேன்" என்றார். எடுத்துவிட்டு குரூப்பில் அனுப்பினேன். வீட்டுக்குள்ளே அப்பா நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் படித்தது அவர் காதில் விழுந்திருக்கும். வெளியே வரவில்லை.

பிள்ளையார் கோயில் முன்னால் சங்கம் கூடியது. முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். பெரியப்பா தரையில் உட்காராமல் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றார். தலைவர் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக என்னைத்தான் கேட்டார்.

"மொதல்ல மஞ்ச கோட்டு. முந்தாநேத்து இருபது மூட்ட. நேத்து மூணு. இன்னிக்கி இன்னா பாப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல கேள்வி, அதில் சந்தேகமே இல்லை. நான் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"மூணுதான் மாமா. மாறாது."

"யாரு பாத்தது?"

பெரியப்பா சொன்னதைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை. இருக்கிற மாதிரி பேசத் தெரியும். காலேஜில் அதற்குத்தான் பரிசு வாங்கினேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"அப்ப வுடு. என் மச்சானே இந்த வர்ஷமும் பாக்கட்டும்" என்று தலைவர் அடுத்த பேச்சுக்குப் போகப் பார்த்தார்.

"மூணுதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்பா. எழுந்திருக்கக்கூட இல்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"மூணு மூட்ட கரையோரமா கெடந்திச்சி. மறுபடியும் எட்த்து மேல வச்சது நான்தான். அப்ப அவரு பனமரத்தாண்ட குந்திக்கினு, வெக்காத வெக்காதன்னு கத்திக்கினு இருந்தாரு. காதுல வுழல்ற மாதிரி நான் பாட்டுக்கு வச்சிட்டு வந்துட்டேன். அரமணி நேரத்துல கரை பூட்ச்சி."

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர், "நீ மட்டுமா மூட்ட வச்ச, எல்லாரும்தான்..." என்று ஆரம்பித்து, பக்கத்தில் இருந்தவர் இடித்ததும் நிறுத்திக்கொண்டார். மூட்டையைப் பற்றிப் பேச்சு வளர வேண்டாம் என்று அத்தனை பேர் முகத்திலும் தெரிந்தது. பெரியப்பாவுக்கு நியாயம் செய்ய நினைத்தார்களா, பேச்சை முடிக்க நினைத்தார்களா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். தலைவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் காலைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"செரி. இந்த வர்ஷம் அவுரே பாக்கட்டும். அப்பறம் பாக்கலாம்" என்றார் தலைவர்.

மதகு ஷட்டரைத் திருகுகிற இரும்புக் கைப்பிடியை மச்சான் ஸ்கூட்டரிலிருந்து எடுத்து வந்து பெரியப்பா கையில் கொடுத்தார். பெரியப்பா நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கமோ அப்பா பக்கமோ திரும்பவில்லை. கைப்பிடியின் முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் சுரண்டினார். துரு உதிர்ந்தது.

"இன்னாய்யா இது? ஆறு வர்ஷமா ஒரு கிரீஸு கூடவா வெக்கல?" என்று அந்தக் கூட்டத்தையே பார்த்துக் கத்தினார். "இத்த வச்சிக்கினு எப்பிடி மதகு தொறந்தீங்க?"